டூசான் சவேரியார் கோவிலும் நம் பள்ளிக்கூடச் சுவரும்



மகள் வீட்டுக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. "டீச்சர், அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள்? போட்டோ போடுங்கள்" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் இங்கிருந்து வெகுதூரம். நான் இருப்பது அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊர். தெற்கே காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மெக்சிகோ எல்லை வந்துவிடும். சுற்றிலும் பாலைவனம். நம் தென்னை மாதிரி உயர்ந்த சாகுவாரோ கள்ளிகள், கையைத் தூக்கிக்கொண்டு 'உள்ளேன் டீச்சர்' சொல்வது போல வரிசையாக நிற்கின்றன.

இங்கே பார்த்த பழைய கோவில்களையும் கட்டடங்களையும் பற்றி எழுதுகிறேன். முடிவில் நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷமாக மனதில் கிடப்பது. பதிவு நீளம்தான். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மகள், "அம்மா, உங்க ஊர் சாமியைப் பாக்கப் போவோமா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஊரிலிருந்து தெற்கே பதினைந்து கிலோமீட்டர் போனோம். வெட்டவெளியில், மண்ணும் முள்ளும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு கோவில். 'பாலைவனத்தின் வெள்ளைப் புறா' என்று இதற்கு ஒரு பெயர் உண்டாம். சான் சேவியர் டெல் பாக் என்று பெயர்ப் பலகையில் போட்டிருந்தது. சான் சேவியர் என்றால் யார்? நம் கோட்டாறு சவேரியார்!

நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் 3 எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா அன்றுதான் முடியும். நாங்கள் இந்துக்கள். ஆனாலும் என் அம்மா வருஷம் தவறாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள். மெழுகுவத்தி கொளுத்துவாள், ஏத்தங்காய் வத்தல் வாங்கித் தருவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாகராஜா கோவிலுக்கும் நேர்ச்சை, சவேரியாருக்கும் நேர்ச்சை. எங்கள் வீட்டில் இது சாதாரணம்.

ஸ்பெயின் நாட்டில் பிறந்த சவேரியார் 1542-ல் கோவாவுக்கு வந்து, அதே வருஷம் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் வந்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகளைக் கூட்டுவதற்கு மணி அடித்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தனி ஒட்டுதல். 1552 டிசம்பர் 3-ல் சீனாவின் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். உடல் கோவாவில் இருக்கிறது. அவர் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்ததே இல்லை. அப்படியானால் அவர் பெயர் எப்படி இந்தப் பாலைவனத்துக்கு வந்தது?

அதைக் கொண்டுவந்தவர் கீனோ என்ற இயேசு சபைப் பாதிரியார். இளம் வயதில் கடுமையான நோயில் விழுந்தபோது சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு பிழைத்தவர். அந்த நன்றிக்காகத் தன் பெயரோடு பிரான்சிஸ்கோ என்று சேர்த்துக்கொண்டார். சவேரியாரைப் போலக் கிழக்கு நாடுகளுக்குப் போக வேண்டும், சீனாவுக்குப் போக வேண்டும் என்பதே அவர் ஆசை. அனுப்புகிற நேரத்தில் இரண்டு பேர், இரண்டு இடம். ஒருவர் பிலிப்பைன்ஸ், ஒருவர் மெக்சிகோ. சீட்டு எடுத்தார்கள். இவருக்கு மெக்சிகோ விழுந்தது. 1692-ல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். கிழக்கே போக முடியாதவர், கிழக்கே போனவரின் பெயரை மேற்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். கேட்ட இடத்துக்கு மாறுதல் கிடைக்காமல் எங்கோ ஒரு மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கேயே ஊன்றிப்போன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அதனால் கீனோவைப் புரிந்துகொள்ள முடிந்தது.

இது டொஹோனோ ஓதாம் என்ற பூர்வகுடி மக்களின் மண். இன்றும் கோவில் இருப்பது அவர்களுடைய நிலத்தில்தான். 'பாக்' என்பதும் அவர்கள் இந்த ஊரைச் சொல்கிற பெயரிலிருந்து வந்ததுதான். டூசான் என்ற பெயரும் அவர்கள் மொழியில் 'கறுப்பு மலையடிவாரம்' என்ற பொருளில் வருகிறது. இப்போது நிற்கிற கோவிலை 1783-ல் தொடங்கி 1797-ல் முடித்தார்கள். அதற்குள் ஸ்பெயின் ராஜா இயேசு சபையை வெளியேற்றிவிட்டதால், கட்டியது பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார்கள். ஆனால் சவேரியார் பெயரை அவர்கள் மாற்றவில்லை. செங்கல் சுமந்ததும் சுண்ணாம்பு குழைத்ததும் ஓதாம் மக்கள்.

கோவிலுக்கு இரண்டு கோபுரம். ஒன்றுக்கு உச்சியில் குவிமாடம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. பணம் தீர்ந்துவிட்டது என்கிறார்கள் பலர். முடிக்காத கட்டடத்துக்கு வரி கிடையாது என்பதால் விட்டுவைத்தார்கள் என்பவர்களும் உண்டு. முகப்பில் ஒரு பக்கம் பூனை, எதிர்ப்பக்கம் எலி, இரண்டும் செதுக்கியிருக்கிறது. பூனை எலியைப் பிடிக்கிற நாளில் உலகம் அழியும் என்று ஊர்ப்பேச்சு. என் பேத்தி ஒவ்வொரு தடவை போகும்போதும் முதலில் பூனையைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இன்னும் அங்கேயேதான் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் உள்ளே வருவாள்.

உள்ளே போனதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடது பக்கச் சிற்றாலயத்தில் சவேரியார் படுத்த கோலத்தில் இருக்கிறார். மரச்சிலை. கழுத்து வரை துணி போர்த்தியிருக்கிறது. அந்தத் துணி முழுவதும் ஊக்கால் குத்திய சின்னச் சின்னத் தகட்டு உருவங்கள்: கை, கால், கண், இதயம். நடுநடுவே குழந்தைகளின் போட்டோ, ஆஸ்பத்திரியில் கையில் கட்டுகிற பட்டை. நம் ஊரில் கால் வலிக்குக் கால் உருவமும், கண் நோவுக்குக் கண்மலரும் வாங்கிப் போடுகிறோமே, அதேதான். ஒரு வயதான அம்மாள் வந்து, குனிந்து, சிலையின் தலையை மெல்லத் தூக்கி, முத்தி வைத்துவிட்டுப் போனார். மனசு சுத்தமாக இருந்தால்தான் தலை தூக்க வரும் என்று நம்பிக்கையாம். நான் தூக்கிப் பார்க்கவில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கோவில் நின்ற இடத்திலேயே நிற்க, நாடு இரண்டு தடவை மாறியிருக்கிறது. முதலில் ஸ்பெயின். 1821-க்குப் பிறகு மெக்சிகோ. 1854-ல் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலத்தோடு இதுவும் வந்தது. நடுவில் பல வருஷம் இங்கே நிரந்தரமாகப் பாதிரியாரே கிடையாது. அப்போது ஓதாம் மக்கள் கோவில் பாத்திரங்களையும் பூசை உடைகளையும் தங்கள் வீடுகளில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்து, மறுபடி பாதிரியார் வந்ததும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாவி கொடுத்தவனும் இல்லை, கணக்குக் கேட்கிறவனும் இல்லை. ஆனாலும் காப்பாற்றினார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கே தொண்டாக வழிகாட்டும் பெரியவர் ஒருவர் எங்களை வெளியே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். கோவில் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புச் சாந்தில் ஈரம் ஏறினாலும் வெயில் பட்டதும் ஆவியாக வெளியே போய்விடும். இருபதாம் நூற்றாண்டில், பலமாக இருக்கட்டும் என்று, சுண்ணாம்புக்குப் பதிலாக சிமெண்ட் கலந்த பூச்சைப் பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் விறைப்பானது. இந்தப் பாலைவன வெயிலில் செங்கல் விரிந்து சுருங்கும்போது சிமெண்ட் கூடவே விரியாது, கீறல் விடும். கீறல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. சுவருக்குள்ளேயே தங்கிச் செங்கல்லைக் கரைக்கும். உள்பக்கத்தில் இருநூறு வருஷப் பழைய ஓவியங்கள் செதில் செதிலாக உதிரும். பலப்படுத்தப் போட்ட பூச்சே கோவிலைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

1978-ல் இந்தக் கோவிலைக் காப்பதற்கென்றே ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினார்கள். 1992-லிருந்து 1997 வரை வெளிநாட்டு நிபுணர்கள் வந்து உள்ளே இருக்கிற ஓவியங்களையும் சிலைகளையும் மெழுகுவத்திப் புகை நீக்கிச் சுத்தம் செய்தார்கள். ஓதாம் இளைஞர்களும் கூடவே இருந்து தொழில் பழகினார்கள். வெளியே சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அந்தச் சாந்தில் என்ன சேர்த்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளிச் சாறு! கள்ளி மடலை வெட்டித் தண்ணீரில் போட்டால் வழவழப்பாக ஒரு சாறு இறங்கும். அதைச் சுண்ணாம்பில் கலந்தால் சாந்து நன்றாகப் பிடிக்கும், மழையையும் தாங்கும். அந்தக் காலத்திலிருந்தே இந்தப் பக்கத்தில் உள்ள பழக்கம்.

பெரியவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அதற்கு மேல் காதில் எதுவும் விழவில்லை. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்த நம் ஊர்க் கொத்தனார்கள் கண் முன்னால் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் முகம் குறிப்பாக வந்தது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், டூசான் நகரத்துக்குள் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஊர் எல்லாவற்றையும் காப்பாற்றிய ஊர் அல்ல.

நடு ஊரில் புனித அகுஸ்தீனார் பேராலயம் இருக்கிறது. 1897-ல் வந்தது. 1928-ல் புதுப்பித்தபோது முகப்பில் ஐரோப்பியப் பூக்களுக்குப் பதிலாக இந்த ஊர்ச் சாகுவாரோ கள்ளியையும், யுக்காச் செடியையும், கொம்புப் பல்லியையும் செதுக்கியிருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இதற்கு முன்னால் இருந்த பழைய அகுஸ்தீனார் கோவில் என்ன ஆயிற்று? விற்றுவிட்டார்கள். அது ஹோட்டல் ஆனது, பிறகு கார் பழுதுபார்க்கிற கூடம் ஆனது, 1936-ல் இடித்துவிட்டார்கள். அதன் கல் வாசல் மட்டும் தப்பியது. இப்போது அரிசோனா வரலாற்றுச் சங்கக் கட்டடத்தின் வாசலாக அது இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வாசல் இருக்கிறது, அது திறக்கிற கோவில் இல்லை.

அதைவிடப் பெரியது 1960-களின் கடைசியில் நடந்தது. நகரத்தைப் புதுப்பிக்கிறோம் என்று ஏறக்குறைய 80 ஏக்கர் பழைய குடியிருப்பை இடித்தார்கள். மண் செங்கல்லில் கட்டிய, திண்ணையும் முற்றமுமாக இருந்த வீடுகள். மெக்சிகோ வம்சாவளி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்கள். சீனர்கள், கறுப்பினத்தவர், ஓதாம் மக்களும் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் 1971-ல் பெரிய மாநாட்டு மையம் திறந்தார்கள். கார் நிறுத்துகிற இடமே பெரிய மைதானம் மாதிரி இருக்கிறது. நடந்து போகும்போது இது யார் வீட்டு அடுக்களையாக இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பக்கத்திலேயே, இடிபடாமல் மிஞ்சிய தெருவில் 'எல் திராதீத்தோ' என்று ஒரு இடம். கூரை கிடையாது, இடிந்த மண் சுவர் ஒன்று, முன்னால் மெழுகுவத்திகள். அவ்வளவுதான். தகாத காதலால் வெட்டுப்பட்டு விழுந்த ஒரு வாலிபனை, பாவி என்பதால் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்காமல், விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள் என்று கதை. ஊர்ப் பெண்கள் அவனுக்காக மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்து, அது வேண்டுதல் தலமாகிவிட்டது. நம் ஊரில் வெட்டுப்பட்டு இறந்தவருக்குப் பீடம் கட்டிச் சுடலையோரத்தில் விளக்கு வைக்கிறோமே, அது நினைவுக்கு வந்தது. மிச்சமிருந்த தெருக்களின் வழியாகவும் ஒரு விரைவுச் சாலை போட நினைத்தபோது, ஊர் மக்கள் இந்த இடத்தை 1971-ல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்க வைத்தார்கள். அந்தச் சாலை வராமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பாவியின் இடிந்த சுவர் ஒரு பேட்டையைக் காப்பாற்ற உதவியிருக்கிறது.

இப்போது நம் பள்ளிக்கூடம்.

நம் தெற்கு ஹால் உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டுக் கூரை, முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், மே மாதத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். காலை இறைவணக்கம், ஆண்டுவிழா ஒத்திகை எல்லாம் அங்கேதான். அதைப் புதுப்பிக்க ஒரு வருஷம் பெற்றோர்கள் பணம் திரட்டினார்கள். நான் அப்போது தலைமையாசிரியைப் பொறுப்பில் இருந்தேன். சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவானது. வேலை தொடங்குகிற அன்று காலையில், வயதான ஒரு கொத்தனார் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"டீச்சரே, இது சுண்ணாம்புச் சொவரு. இதுக்க மேல சிமெண்டப் பூசினா மூச்சு முட்டும். நான் சுண்ணாம்பு அரைச்சுத் தாறேன். கூலி பின்ன பாத்துக்கலாம்" என்றார்.

வயதான மனிதர், வேலை கிடைக்காமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "பாப்போம் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எப்படிச் சிரித்தேன் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் சுவர் பளபளவென்று இருந்தது. மூன்றாவது மழைக்குச் சுவர் உப்புப் பூத்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. நீங்கள் நகத்தால் அதை உடைத்து விளையாடி என்னிடம் அடி வாங்கியிருக்கிறீர்கள். பிறகு பாளம் பாளமாகப் பூச்சு விழுந்தது. கட்டடம் பழையதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சொன்னார்கள். இடிக்கும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. சுவர் பழசானதால் போனது என்றே இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நான் நோயாளி ஆக்கிய சுவர் அது. அந்தக் கோவில் வாசலில் நின்றபோதுதான் என் மனசு அதை முழுதாக ஒப்புக்கொண்டது. சவேரியார் தலையைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வராததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கொத்தனார் இன்றைக்கு இல்லை. அவருடைய பேரன் என் மாணவன். இந்தப் பதிவை நீ வாசிப்பாய் என்று தெரியும், தம்பி. உன் தாத்தா சொன்னதுதான் சரி. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை எல்லோர் முன்னிலும் உன்னிடம் கேட்கிறேன்.

இன்னொன்று. பள்ளியின் நூற்றாண்டுக்குப் புதுக் கட்டடம் கட்ட நீங்கள் பணம் திரட்டுகிறீர்கள். சந்தோஷம். கிணற்றுப் பக்கத்து வடக்கு வராந்தாவையும் அதை ஒட்டிய இரண்டு வகுப்பறைகளையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டுவதாகக் குழுவில் பேசிக்கொண்டதைப் பார்த்தேன். பழையது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நல்லவேளையாக அதில் சிமெண்ட் பூசப் பணம் போதாமல் விட்டுவிட்டோம்.

பிள்ளைகளின் பாதுகாப்பைவிட எந்தச் சுவரும் பெரிதல்ல. நிற்காது என்றால் இடித்துவிடுங்கள், நான் மறுவார்த்தை பேச மாட்டேன். ஆனால் முடிவு செய்வதற்கு முன்னால், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும், பழைய கட்டடம் தெரிந்த ஒரு இன்ஜினியரையும் கூட்டிவந்து காட்டுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்னமும் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களில் நாலைந்து பேர் கட்டடத் தொழிலில்தான் இருக்கிறீர்கள், விசாரித்துச் சொல்லுங்கள். அதற்கு ஆகிற செலவுக்கு என் பென்ஷனிலிருந்து முதல் 25,000 ரூபாய் நான் தருகிறேன்.

தெற்கு ஹாலின் போட்டோ யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். வந்ததும் முதலில் கோட்டாறு, பிறகு நம் வடக்கு வராந்தா. வர முடிந்தவர்கள் அங்கே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்